ஹாலில் மாட்டிய தாத்தா

“இவர்தாங்க இந்த வீட்டைக் கட்டினவர். எங்க வீட்டுக்காரரோட தாத்தா!”

புதிதாக வந்த விருந்தினர்களை ஹாலில் நிறுத்தி, சுவரிலிருந்த பெரிய படத்தைக் காட்டி, கூசாமல் அளந்துகொண்டிருந்தாள் ஓட்டல்காரரின் மனைவி.

வரவேற்பு மேஜையிலிருந்த ஓட்டல்காரருக்குக் காது சுட்டது. அவருடைய தாத்தா இந்த வீட்டின் சமையல்காரர். படத்தில் இருப்பவர் முதலாளி.

நேற்றுகூட இதற்குத்தான் சண்டை.

“எத்தனை நாளைக்குடி இந்தப் புளுகு?”

“சின்ன வயசுல நீங்க அவரைத் தாத்தான்னுதானே கூப்பிட்டீங்க?”

“கூப்பிட்டேன். அதுக்காக?”

“அப்போ சும்மா இருங்க.”

கடலோரத்து வீட்டை முதலாளி இவர்கள் பேருக்கு முறையாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அதைத்தான் இவர்கள் ஓட்டலாக்கினார்கள். ஆனால் தாத்தா முறையையும் சேர்த்து எழுதிக் கொடுக்கவில்லையே! அவருடைய சொந்தக்காரர் யாராவது வந்து நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டால்?

கைத்தடியோடு நின்ற ஒரு பெரியவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடைசிக் காலத்துல இவரை யாரும்மா பார்த்துக்கிட்டாங்க?”

“எங்க மாமனார்தான் சார். கை கால் விழுந்து வருஷக்கணக்கா படுக்கை. சாயங்காலமானா குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்கிட்டுப் போய், மாடி வராந்தாவுல உட்கார வெச்சுக் கடலைக் காட்டுவாராம். ஊட்டற சோத்தை இவர் கோபத்துல மூஞ்சியிலேயே துப்பிடுவாராம். மாமனார் துடைச்சுக்கிட்டே, ‘உப்புக் கம்மியா?’ன்னு கேட்பாராம்.”

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை.

“சார், உங்க மூக்கும் படத்துல இருக்கற மூக்கும் அச்சு அசல் ஒண்ணா இருக்கே!” என்றாள் கூட்டத்தில் ஒரு பெண்.

ஓட்டல்காரர் எழுந்துவிட்டார். அதே வளைந்த மூக்கு. அதே கூட்டுப் புருவம். தொலைந்தோம்!

பெரியவர் மூக்கைத் தடவிக்கொண்டார்.

“வயசானா எல்லா மூக்கும் இப்படித்தாம்மா தொங்கிடும்.”

மறுபடி சிரிப்பு. கூட்டம் கலைந்தது. ஓட்டல்காரர் பெரியவரின் பின்னாலேயே ஓடினார்.

“ஐயா, நீங்க அவரோட...”

“பேரன்.”

“மன்னிச்சிடுங்க. அவ ஏதோ ஆசையில சொல்லிட்டிருக்கா. இன்னிக்கே எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறோம்.”

“வேண்டாம். அவர் படுத்துக் கிடந்தப்போ ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காதவங்க நாங்க. அவரைத் தாத்தான்னு சொல்லிக்க எனக்குத்தான் தம்பி வாய் வரலை.”