எல்லாருக்குமான பெட்டி

பழைய கணினி ஒன்றைக் கூடத்து மூலையில் வைத்து, சினிமாக்களையும் தான் எடுத்த குடும்பப் புகைப்படங்களையும் அதில் சேர்த்தார் வேதமூர்த்தி. எந்த அறையிலிருந்தும் பார்க்கலாம் என்று வீட்டாரிடம் சொன்னார். கணினிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் பிள்ளைகளின் போன்கள் சினிமாவை மட்டுமே கேட்டன. குடும்பப் படங்களைப் பார்த்தது அவர் ஒருவர்தான்.

"மத்தவங்களும் ஒருநாள் கேப்பாங்க," என்று பக்கத்திலிருந்த வைஃபை ரூட்டரிடம் சொல்லிக்கொண்டே இருந்தது கணினி.

ஒரு காலையில் எல்லாப் போன்களும் சேர்ந்து குடும்பப் படங்களைக் கேட்டன. கணினி பூரித்துப்போய் ஊட்டி, காதுகுத்து, கல்யாணம் என்று வாரி வழங்கியது.

"அவ்வளவும் வேண்டாம்ப்பா," என்றது ரூட்டர் மெதுவாக. "அவர் முகம் தெளிவா இருக்கிற படம் ஒண்ணு போதுமாம். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு."

கணினி முதலிலிருந்து கடைசிவரை தேடிப் பார்த்தது. ஒரு படத்திலும் அவர் இல்லை.