நாலு நாள் சுற்று

டெர்க் வரைபடத்தை மடித்தார். மடித்த கையோடு மறுபடியும் விரித்தார்.

"அதுக்கு மட்டும் வாய் இருந்தா அழுதிருக்கும்," என்றாள் வில்லமீன். மதியச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷனிடம் இப்படித்தான் பேசுகிறாள்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து டெர்க்குக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அன்றைக்கு ரொட்டிக் கடை வரிசையில் நிற்கும்போது காதில் விழுந்த செய்தி அது. தம்பி லாம்பெர்ட் வீட்டை விற்றுவிட்டான். இந்த மாதக் கடைசியில், மே முடிவதற்குள், தூரத்துக் கடலோர ஸீலாந்தில் இருக்கும் மகள் வீட்டுக்கே ஒரேயடியாகப் போகிறான்.

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று பதினோரு வருஷம்.

அம்மாவின் இறப்பு அறிவிப்பு அட்டையில் லாம்பெர்ட் தன் பெயரை மேலே போட்டு, மூத்தவன் பெயரைக் கீழே போட்டுவிட்டான். அச்சகத்துக்காரன் செய்த தப்பு என்றான். டெர்க் நம்பவில்லை. இப்போது நம்பத் தயாராக இருக்கிறார், ஆனால் அதை எப்படிப் போய்ச் சொல்வது?

டெலிபோன் செய்தால், தான் இறங்கிப் போனதாகிவிடும். சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டுவதோ இந்தப் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம். பெற்ற பிள்ளையே நாள் கேட்டுக்கொண்டுதான் வருவான்.

ஒரே ஒரு வழி இருந்தது. ஊர்களைச் சுற்றி வரும் நடைபாதை லாம்பெர்ட்டின் முற்றத்துக்குள் புகுந்துதான் போகிறது. காலை பத்து மணி காபி வேளையில் முற்றத்தைத் தாண்டிப் போகிறவனை, அவன் யாராக இருந்தாலும், உள்ளே கூப்பிட்டு ஒரு கோப்பை ஊற்றியாக வேண்டும். கூப்பிடாத வீட்டைப் பற்றி ஊர் ஒரு வருஷம் பேசும்.

அப்படியானால் டெர்க் தம்பி வீட்டுக்குப் போகவில்லை. அவர் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார். தம்பிதான் கூப்பிடுகிறான்.

அதற்குத்தான் இந்தச் சுற்று. வீட்டிலிருந்து கிளம்பி போர்குலோ, அங்கிருந்து லோகெம், பிறகு ஃபோர்டன். மூன்று ஊரிலும் ராத் தங்கல். நாலாம் நாள் காலை பத்து மணிக்கு லாம்பெர்ட்டின் முற்றம், அப்புறம் வீடு. பாதையில் மேடு கிடையாது, பள்ளம் கிடையாது. மேய்ச்சல் நிலம், மாடு, வாய்க்கால், பாதை பிரிகிற இடத்திலெல்லாம் எண் போட்ட கம்பம். சின்னக் குழந்தைகூட வழி தவறாது.

டெர்க்குக்குத்தான் நேரக் கணக்கு கூடி வரவில்லை. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் லாம்பெர்ட் கோழிக்கூண்டில் இருப்பான். நேரம் கழித்துப் போனால் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்திருப்பான். ஃபோர்டனில் தங்கப்போகிற வீட்டம்மாவோ எட்டரைக்கு முன்னால் ரொட்டி வைக்க மாட்டாளாம். போதாக்குறைக்கு, பறவைகள் முட்டையிடும் காலம் என்று வழியில் ஒரு கரையை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

எழுந்தார். வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். திரும்பி வந்து பென்சிலைத் தேடினார். அது அவர் காதில் இருந்தது.

"எதுக்கு நாலு நாள்? ஒரே நாள்ல போயிட்டு வந்துட வேண்டியதுதானே?"

"ஒரே நாள்ல போனா அவனைப் பார்க்கத்தான் வந்தேன்னு தெரிஞ்சுடும். நாலு நாள் நடந்து சேறும் சகதியுமா வந்து நிக்கிறவனை யாரு சந்தேகப்படுவா?"

"ரெண்டாம் நாளே உன் முழங்கால் உன்னை விட்டுட்டுத் திரும்பி வந்துடும்."

"வரட்டும்!"

கத்திவிட்டார். பிறகு குரல் இறங்கியது. "அவன் போயிட்டான்னா அவ்வளவுதான், வில்லமீன். ஸீலாந்துக்கு நான் தற்செயலா நடந்து போக முடியாது."

டெலிபோன் அடித்தது. லோகெமில் தங்குவதற்குக் கேட்டிருந்த வீட்டிலிருந்து. விண்ணேற்றத் திருநாள் விடுமுறைக்கு ஊரே நடக்கக் கிளம்பிவிட்டதாம், மாதக் கடைசி வரை ஒரு கட்டில்கூட இல்லையாம்.

டெர்க் ரிசீவரை வைத்துவிட்டு உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுபது வயது ஆள், வரைபடத்தின் முன்னால்.

வில்லமீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவர் பென்சிலால் போட்ட கோட்டை விரலால் ஒரு முழுச் சுற்று தடவிப் பார்த்தாள்.

"இது சுத்துப்பாதைதானே?"

"ஆமா."

"அப்போ எந்தப் பக்கத்துலேர்ந்தும் ஆரம்பிக்கலாம். திருப்பி நட."

டெர்க் வரைபடத்தின் மேல் குனிந்தார். திருப்பி நடந்தால் நாலாம் நாள் கடைசித் துண்டு முதல் துண்டாகிவிடும். மற்ற எல்லாத் துண்டுக்கும் பக்கத்தில் தூரம் குறித்து வைத்திருந்தார். லாம்பெர்ட்டின் முற்றத்திலிருந்து தன் வீட்டுக்கு வரும் துண்டுக்கு மட்டும் குறிக்கவில்லை.

வில்லமீன் ஜன்னலைப் பார்த்தாள்.

வெளியே ஒரு மேய்ச்சல் நிலம், அதன் ஓரமாக ஒரு வாய்க்கால், அதன் மேல் ஒரு பலகை. அதற்கு அந்தப் பக்கம் லாம்பெர்ட், அலமாரி ஒன்றைத் தனி ஆளாகத் தன் வீட்டுக் கதவுக்கு வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். இங்கிருந்து கூப்பிட்டால் கேட்கும்.

பதினோரு வருஷமாக டெர்க் அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிட உட்காருகிறார்.

"மணி என்ன?" என்றார்.

"பத்தாகப் போகுது. மெதுவாவே போ, அதுவே சீக்கிரம்."

நாலு நாளைக்கான துணிமணி அடைத்த பையை முதுகில் மாட்டி, வார்களை இறுக்கிக்கொண்டு, டெர்க் புல்வெளியில் இறங்கினார்.