வெளித் தாழ்ப்பாள்

கோடரி மூன்றாம் முறை இறங்கும்போதுதான் கதவின் நடுப்பலகை வாய் பிளக்கிறது. தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் திருகிப் பிடுங்குகிறாள். சிராய் புறங்கையைக் கிழித்து முழங்கைவரை ரத்தம் ஒழுகுகிறது. அவள் சட்டை செய்யவில்லை. சன்னல் வெயிலில் மரத்தூள் கொதிக்கிறது. புருஷன் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்த அறையில் மெஷினைப் போட்டுத் தைக்கப்போகிறாளாம். "விடுங்க அண்ணி. தேக்குக் கதவு. அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்கிறான் அடுத்த அறையில் குடியிருக்கும் கொழுந்தன். "தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க." அவன் பார்க்கிறான். அறைக்கு வெளிப்பக்கத்தில், அண்ணன் கைபட்டுத் தேய்ந்து பளபளக்கிறது இரும்பு. "உள்ளேருந்து தட்டுனது உங்களுக்குக் கேக்கவே இல்லையா?" "ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்காது அண்ணி." அவள் கோடரியை ஓங்கி இறக்குகிறாள். கீல் அலறிப் பிய்கிறது. கதவு குப்புற விழ, வீடே அதிர்கிறது. அதை மிதித்துக்கொண்டு உள்ளே போய், மூலையில் கிடக்கும் தன் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்புகிறாள். எதிரே கதவில்லை, வெறும் வெளிச்சம்தான். ஆனாலும் கால் தானாக நின்றுவிடுகிறது. ரத்தம் வழியும் கை எழுந்து, கதவு நிலையில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டுகிறது. "கொஞ்சம் தொறங்க" என்று வாயும் சொல்லிவிடுகிறது. கொழுந்தன் தலையைக் குனிந்துகொள்கிறான். அவள் தன் கையையே வெறித்துப் பார்க்கிறாள். பிறகு பாயைக் கீழே போட்டுவிட்டுக் கோடரியை மறுபடி ஓங்குகிறாள். இந்த வெட்டு நிலைக்கு.