பக்கத்து ஆஸ்பத்திரி

பியூலா நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னால் ஒருகாலத்தில் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். அங்கே நடந்த பிரசவச் சாவுகள் டிவியில் வந்த பிறகு அவள் அந்தப் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டாள். வேலையை விடவில்லை.

ஒருநாள் அவள் தம்பி சாம்ராஜை லாரி அடித்துப் போட்டது. ஆம்புலன்ஸ் டிரைவர் அவளுடைய சீருடையைப் பார்த்தார்.

"ஒங்க ஆஸ்பத்திரிதான் பக்கம். அங்கயே விடட்டுமா சிஸ்டர்?"

"வேண்டாம். பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

"ஏட்டி, அது தூரம்லா?" என்று அம்மா பதறினாள். பியூலா தம்பியின் காயத்தை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய ஆஸ்பத்திரி வாசல் ஜன்னலில் வந்து கடந்து போனது.

தம்பி பிழைத்துக்கொண்டான். அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, நிறைமாத மகளை அழைத்து வந்திருந்த ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டிவில என்னென்னமோ சொல்லுதாங்க. நீங்க பத்து வருசமா இங்கதான் இருக்கியளாம். அந்த தைரியத்துலதான் கூட்டிட்டு வந்தேன் தாயி."

பியூலா கையை இழுத்துக்கொள்ளவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகள், வயிற்றில் கைவைத்தபடி பியூலாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.