மிச்ச நூல் நட்சத்திரம்

"அம்மா குடுத்து விட்டாங்கப்பா" என்று பெலிண்டா அந்தத் துணி நட்சத்திரத்தை அப்பாவின் கையில் வைத்தாள்.

செபஸ்தியானுக்கு இதய ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம்; இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். வீட்டில் மிஞ்சிய துணியிலும் நூலிலும் பெருக்கல் குறி போல நூலை மாற்றிப் போடும் கிராஸ் ஸ்டிச் தைத்து, கிறிஸ்துமஸ் தோறும் மனைவி லூர்துராணி அவருக்கு ஒரு நட்சத்திரம் தருவாள். இந்த வருஷம் அது வராவிட்டால் கலங்கிவிடுவார். கலங்கக் கூடாது என்றிருந்தார் டாக்டர்.

"உங்கண்ணன் ஆசீர் கல்யாண மேசை விரிப்புல மிஞ்சின துணிதானே? கஞ்சப் பிசினாறி, எதையும் தூக்கிப் போட மாட்டா. எங்க அவ?"

"சிக்குன்குனியாப்பா. காட்டூர் வீட்டுலேர்ந்து பஸ் ஏறி வர முடியல."

"போன்லயாவது பேசலாம்ல?"

"தொண்டை கட்டியிருக்கு."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தையலை விரலால் தடவினார்.

"இது நீ தைச்சதும்மா. உங்கம்மா இடக்கைக்காரி. மேல் நூல் இடப்பக்கமா சாயும். இதுல எல்லாமே வலப்பக்கம் சாயுது."

"முடியலன்னு என்னைத் தைக்கச் சொன்னாங்கப்பா."

"நீ பொறந்த வாரம்கூட அவளேதான் தைச்சா. இத யார் கைக்கும் விட்டதில்ல."

நட்சத்திரத்தை நெஞ்சுத் தையலின் மேல் வைத்துக்கொண்டார்.

"அடக்கம் என்னைக்கும்மா நடந்துச்சு?"

பெலிண்டா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"போன திங்கக்கிழமைப்பா."