ஓரத்தில் ஒரு கட்டைவிரல்

நெவிலுக்கு வேலை என்றால் உடம்பு வளையாது என்று ஜெம்மா முடிவே கட்டிவிட்டாள்.

பின்னே என்ன? பேராலயத்து நூலகத்தில் அறுநூறு வருஷத்துப் பழைய ஆங்கிலக் கவிதைப் புத்தகம் ஒன்று இருந்தது. கன்றுக்குட்டித் தோலில் இறகுப் பேனாவால் எழுதியது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் கொடுத்தவர் நெவில். அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பக்கத்திலேயே வரிகளையும் விளக்கத்தையும் சேர்த்து, உலகம் பூராவும் படிக்கிற மாதிரி பண்ணுவது ஜெம்மாவின் பொறுப்பு.

எல்லாம் முடிந்த மாதிரிதான். ஒரு பக்கத்தில் மட்டும், ஓரத்தில் எவனோ வரைந்து வைத்த நத்தைக்குப் பக்கத்தில், ஒரு கட்டைவிரல். அதுவும் பிளாஸ்டர் ஒட்டிய கட்டைவிரல்.

“அந்த ஒரு பக்கத்தை மறுபடி எடுத்துக் குடுங்கன்னு எத்தனை தடவை கேக்கறது நெவில்?”

“மழையா இருக்கே கண்ணு. ஈரத்துல தோல் உப்பிக்கிட்டு எழும்பும்.”

“போன மாசம் வெயில் அடிச்சப்போ?”

“அப்போ... தையல் விட்டுடுமோன்னு பயம்.”

“மத்த பக்கமெல்லாம் எடுக்கறப்போ விடாத தையல்!”

நெவில் டீக்குத் தண்ணீர் வைத்தார்.

“படம் எடுத்த குளிர்காலம் இருக்கே, அப்பப்பா! ஹீட்டர் வேற பழுது. ஓவர்கோட்டைக் கழட்டாம வேலை பாத்தோம். ஒருத்தர் தோலை அமுக்கிப் பிடிக்கணும், நான் படம் எடுக்கணும். நடுவுல முட்டை சாண்ட்விச், பாட்டு, சிரிப்பு. பாதிரியார் வந்து சத்தம் போடாதீங்கன்னு சொல்லிட்டுப் போவார். அவர் போனதும் இன்னும் ஜாஸ்தி சிரிப்பு வரும்.”

“கதை அப்புறம். வெள்ளிக்கிழமை ஹெப்பிள் வர்றார்.”

ஹெப்பிள் ரிட்டையரான பேராசிரியர். எழுத்துக்கு மேல் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கடிதாசி போடுகிற ஆள். அவர் சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் பதிப்பு வெளியே வரும். இல்லாவிட்டால் ஜெம்மாவின் இத்தனை வருஷப் பாடும் பரணில்தான்.

“இதுவரைக்கும் கோணி நிறையக் குறை சொல்லிட்டார். இந்த விரல் மட்டும் எப்படியோ அவர் கண்ணுல படலை. பட்டா நான் தொலைஞ்சேன்!”

“படாது கண்ணு. விட்டுடு.”

ஜெம்மா விடவில்லை. தானே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் விரலை அழித்தாள். அந்த இடத்தில் தோல் நிறத்தைப் பூசி மெழுகினாள். நத்தை தனியாக நின்றது. சுத்தமான வேலை.

வெள்ளிக்கிழமை ஹெப்பிள் வந்தார். தொப்பியில் மழை சொட்டியது. அதைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, நேரே அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார்.

ஜெம்மா அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“என்னம்மா இது?”

“எது சார்?”

“இங்க மட்டும் மயிர்க்கால் புள்ளியே காணோம். கன்னுக்குட்டி இந்த இடத்துல மட்டும் ஷேவ் பண்ணிக்கிச்சா?”

மாட்டிக்கொண்டாள். “ஒரு விரல் விழுந்திருந்துச்சு சார். அசிங்கமா இருந்துச்சு. அழிச்சிட்டேன்.”

நெவில் கையிலிருந்த ஸ்பூன் கீழே விழுந்தது.

ஹெப்பிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

“பழைய படம் இருக்கா? இல்லை, அதையும்...”

“இருக்கு சார்.”

“அதையே போடு. இருக்கறதை இருக்கற மாதிரி காட்டறதுதான் உன் வேலை. அழகு பண்றது இல்லை.”

போட்டாள். அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அடுத்த வாரம் அறிக்கை வந்தது. பக்கத்துக்குப் பக்கம் குறை. இங்கே புள்ளி இல்லை, அங்கே கோடு சாய்ந்திருக்கிறது. கடைசியில், திருத்திவிட்டு வெளியிடலாம் என்று ஒரு வரி. ஜெம்மா நாற்காலியிலிருந்து குதித்தே விட்டாள்.

அப்புறம்தான் கவனித்தாள். அந்த ஒரு பக்கத்துக்கு நேரே மட்டும் எழுதியிருந்தார்: ‘இதில் குறை ஒன்றும் இல்லை.’

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“நேர்மையான மனுஷன், பொய்ப் பூச்சு பிடிக்கலை, சரி. ஆனா ஓரத்துல இம்மாம் பெரிய கட்டைவிரல் நிக்குது, குறையே இல்லையாம்! உங்களுக்கு உடம்பு வளையலை, அவருக்குக் கண்ணு தெரியலை. நல்ல ஜோடி!”

நெவில் டீயை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார்.

“மார்மலேட் ஜாம் கிண்ட ஆரஞ்சு நறுக்கினப்போ கத்தி பட்டுடுச்சு. வீட்டுல இருன்னு சொன்னேன். ‘விரல்லதானே காயம், வாய் நல்லாத்தானே இருக்கு’ன்னு பாடிக்கிட்டே வந்து நின்னா.”

“யாரு?”

“வின்னி. எனக்குப் பக்கம் பிடிக்க வந்தவ. அடுத்த வருஷ ஆரஞ்சு கடைக்கு வர்றப்போ அவ இல்லை.”

ஜெம்மா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“வீட்டுல கேமரா எப்பவும் அவ கையிலதான். ‘எடுக்கறவளை யாரு எடுக்கறது’ன்னு சிரிப்பா. கல்யாண ஆல்பம் ஒண்ணு இருந்துச்சு, அதையும் ஆத்து வெள்ளம் கொண்டு போயிடுச்சு. இந்த விரலைப் பத்தி அவர் என்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.”

நெவில் திரையைப் பார்த்தார்.

“ஹெப்பிள் சம்சாரத்துக்குன்னு இந்த உலகத்துல இருக்கற ஒரே படம் இதுதான் கண்ணு.”