வீக்கம் வடிந்த கால்

ஆய்வுக்கூட மேஜையில் விழும் வெயிலில் வெள்ளை எலி நான்கு கால்களையும் ஊன்றி நிற்கிறது. கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த ஸ்டீராய்டு மருந்து வேலை செய்துவிட்டது. பின்னங்காலில் வீக்கம் வடிந்துவிட்டது. மருந்தைக் கொடுத்தவள் ஓர் ஆராய்ச்சி மாணவி; சோதனைக்காக அந்தக் காலில் ஊசி போட்டு வீங்க வைத்தவளும் அவள்தான். "பொழச்சிட்டேடா நொண்டி," என்று அதன் முதுகை வருடுகிறாள். கையுறையை இழுத்து மாட்டியபடி பேராசிரியர் வருகிறார். "கொஞ்சினது போதும்மா. மருந்து ஈரலைக் கெடுத்திருக்கான்னு அறுத்துப் பார்க்கணும்." "இப்பத்தானே சார் நடக்கவே ஆரம்பிச்சிருக்கு?" என்கிறாள். "அதனாலதாம்மா. குணமாகாததை அறுத்து நான் என்னத்தைப் பார்க்கிறது?" அவர் சிரிக்கிறார். கத்தரிக்கோல் தட்டில் உரசும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் நிற்கிறாள். பிறகு கையை நீட்டுகிறாள். நேற்றுவரை எலியை அவள்தான் தூக்க வேண்டியிருந்தது. இன்று அது தானே நடந்துவந்து உள்ளங்கையில் ஏறிக்கொள்கிறது.